எச்சில்

தென்காசி, 14-7-1961, வெள்ளி இரவு.

ஆமாம், எச்சில்தான். பயோகெமிஸ்ட்ரி கடைசி வருஷ ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். வெற்றிலை போடுகிறவர்களின் எச்சில் சோற்றிலுள்ள மாவுச்சத்தை எவ்வளவு சீக்கிரம் சர்க்கரையாக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

சுந்தரபாண்டியபுரத்து நடவுப் பெண்களிடம் கண்ணாடிக் குழாய்களை நீட்டினேன். "துப்புததுக்கா காலேஜு வச்சிருக்காவ?" என்று சிரித்துக்கொண்டே துப்பிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவற்றைக் காட்டாவிட்டால் இந்தத் தலைப்பு வேறொருவனுக்குப் போய்விடும்.

இன்று எச்சில் கெடாமலிருக்க நான் குற்றாலத்தில் ஐஸ் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அம்மா எல்லாக் குழாய்களையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள்.

"ஏட்டி, கண்ட சாதிக்காரி எச்சிலையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சிருக்கியே, அருவருப்பா இல்ல?"

அப்போது அவள், அப்பா சாப்பிட்டு எழுந்த இலையில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எச்சில் இல்லியாம்மா?"

"இது புருஷன் எலைட்டி. ஒனக்கும் ஒருத்தன் வருவாம்லா, அப்பத் தெரியும்."

முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். அம்மா கொட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பெண்கள் நடவு முடிந்து சிவகிரிப் பக்கம் போய்விட்டார்கள். இனி யாரிடம் கேட்பது?

எல்லோரும் படுத்தபின் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, வாய் நிறையப் போட்டு மென்றேன். குழாயில் துப்பி, மூடி, என் பெயரை எழுதி ஒட்டினேன். ஐஸ் கரைந்துவிட்டிருந்தது. குழாயை வாளியில் வைத்து, வீட்டுக் கிணற்றுக்குள் தண்ணீர் தொடும்வரை இறக்கிவிட்டு வந்தேன்.