பாதையில் விழுந்த அட்டை

அரசடித்தீவு,
12.03.1992

என் அன்பு மகன் பேரின்பராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். தான்தோன்றீஸ்வரர் உன்னைக் காக்கட்டும்.

நீ கேட்ட சத்தியக் கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் போடப் பயமாக இருக்கிறது. கதிர்காமத்தம்பி அண்ணன் கொழும்புக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கடதாசியை அட்டை எடுக்கிற அரசாங்கக் கந்தோரில் கொடு. இந்தக் கடிதத்தை வாசித்ததும் கொளுத்திவிடு.

அடையாள அட்டை இல்லையென்று உன்னை லொட்ஜில் வைத்து மூன்று தடவை பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதாக மாமா சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வட்டையில் நெல் வெட்டு நடக்கிற நேரம், அதையும் விட்டுவிட்டு இதற்காக ஓடித்திரிந்தேன்.

நல்லரத்தினம் மாஸ்டர் இப்போது சமாதான நீதவான். அவரிடம்தான் போனேன். மகனின் அட்டை என்னிடம் இருந்தது, பாதையில் போகும்போது பையோடு ஆற்றில் விழுந்துவிட்டது என்று நீ சொல்லித்தந்தபடியே சொன்னேன். "பாதை எண்டு எழுதினா கொழும்பில இருக்கிறவன் றோட்டு எண்டு நினைப்பான். றோட்டில போன மனிசி எப்பிடி ஆத்தில விழுத்தின எண்டு கேப்பான்" என்று சிரித்தார். பிறகு, ஆட்களை ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை என்று விளக்கமாக எழுதினார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து எவ்வளவு காலம்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். 'மேற்படி அட்டை வேறு எவரிடமும் கொடுக்கப்படவில்லை' என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மாஸ்டர் பேனையை நீட்டியபடி இருந்தார். அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? நீ காய்ச்சலில் கிடந்தாய். குளிசை வாங்க உன் தம்பி யோகன் டவுனுக்குப் போகவேண்டும், அவனுக்கோ இன்னும் அட்டை வரவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சுத்தானே, பார்க்கிறவனுக்குத் தெரியாது என்று உன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்தான். உன்னைக் கேட்கவும் இல்லை. நீ அதற்காக ஒரு நாளும் உன்னை நொந்துகொள்ளாதே.

துறையில் வைத்து ஆமி பிடித்தபோது அவன் சொன்னது உன் பெயர். முகாம் புத்தகத்தில் இருப்பதும் உன் பெயர். ஒன்றரை வருஷமாக மாதாமாதம் அந்த வாசலில் நின்று, பேரின்பராசாவின் தாய் வந்திருக்கிறேன் என்றுதான் கேட்டேன். போன தை மாதம் ஓர் அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பெயரில் விரலை வைத்து, விசாரணை முடியவில்லை, பிறகு வா என்றார். இல்லை என்று சொல்லாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான்.

இனி நான் அங்கே போகக்கூடாது, மகன். அட்டை ஆற்றில் விழுந்தது, பேரின்பராசா கொழும்பில் இருக்கிறான் என்று நானே சத்தியம் செய்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உன்னைத் தேடி வருவார்கள். யோகநாதன் என்று கேட்டால் அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்பார்கள். அவர்களுடைய புத்தகப்படி அதுவும் உண்மைதான்.

கையெழுத்து வைத்துவிட்டேன். ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று வைத்தேன். அப்படி நினைத்ததற்காக எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

தங்கச்சி புஸ்பத்திடம் இன்னும் சொல்லவில்லை. முகாமுக்குப் போகிற நாள் கிட்டுகிறது என்று அவள் சின்னண்ணனின் சாரனைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

புது அட்டை வந்ததும் பத்திரமாக வைத்துக்கொள். அந்தப் பெயரோடு உன் தம்பியும் எங்கேயோ இருக்கிறான். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், மகன், அவனுக்கும் சேர்த்து ஓம் என்று சொல்லு.

உன் அம்மா,
சீதேவிப்பிள்ளை