பிந்தி விழுகிற அடி

நண்பரே,

நேற்று இந்தக் குளிர்காலத்துக்கு முதல்தடவையாக ஹீற்றரைப் போட்டேன். அரைமணித்தியாலத்தில் வீடெல்லாம் ஆட்டுத்தோல் மணம். சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த உமது மேளம் சூடேறி எழும்பிவிட்டது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீடு இறைச்சிக்கடை மாதிரி மணக்குது. ஒண்டில் அது இருக்கவேணும், இல்லாட்டி நான்," என்றாள் என் மனைவி. மேளத்தை ஹீற்றரிலிருந்து தள்ளி வைத்தேன். உம்மால் எனக்கு வந்த வினைகளில் இது எத்தனையாவது?

இந்த மடலை உம்மால் வாசிக்க முடியாது. பரவாயில்லை. சென்ட் லோரன்ட் பெட்டித் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் ஒரே மேசையில் பெட்டி ஒட்டியபோது நீர் ஸ்பானிஷில் என்னைத் திட்டியது மட்டும் எனக்கு விளங்கியதா? நமக்குப் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு. அதிலும் உம்மிடம் கால்வாசி, என்னிடம் கால்வாசி.

சாப்பாட்டு நேரத்தில் வெறும் பெட்டியில் உங்கள் ஊர்க் கும்பியா ஆட்டத்தின் தாளம் போடுவீர். கோயில் பஜனையில் இருபது வருஷம் கை தட்டினவன் நான், எனக்கும் தாளம் தெரியும் என்று ஒருநாள் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த ஞாயிறே உங்கள் கொலம்பியாக்காரர் கூடுகிற தேவாலய நிலவறைக்குக் கூட்டிப்போய், இருந்த மேளங்களில் ஆகச் சிறியதை எனக்கு முன்னால் வைத்தீர். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒரு அடிதான், கழுதைக்கும் வரும் என்றீர். எனக்கு வரவில்லை.

முதல் சண்டை, அதைக் காலுக்கிடையில் வைப்பதில். வாத்தியத்தில் கால் படலாமா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதிரையில் தூக்கி வைத்து அடித்தேன். அடிப்பக்கம் அடைபட்டு, அரிசி மூட்டையில் தட்டின சத்தம் வந்தது. "இதுக்குள்ளே கடவுள் இல்லை, ஆடுதான் இருக்குது," என்றீர். கடைசியில், முதலில் மேளத்திடம் மன்னிப்புக் கேட்பது, பிறகு காலுக்கிடையில் இடுக்குவது என்று ஒத்துக்கொண்டோம்.

இரண்டாவது சண்டை முடியவே இல்லை. ஆடுகிறவர் கால் வைக்கிற இடத்தில் நான் அடித்தேன், பஜனையில் அப்படித்தான். உங்கள் அடி அதற்குப் பிந்தி, இரண்டு காலடிக்கு நடுவில் விழவேண்டுமாம். கும்பியாவில் மேளம் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கருடையது, குழல் அந்த மண்ணின் ஆதிக்குடிகளுடையது, அகலப் பாவாடை ஸ்பானிய எசமான்களுடையது என்று விளக்கினீர்.

"ஒருத்தர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அவையளுக்கெல்லாம் அடி விளங்கினது. உமக்கு மட்டும் என்ன?"

ஆடும்போது பாதம் நிலத்தை விட்டு எழும்பாது, உரசி இழுபடும். அடிமைகளின் காலில் கிடந்த சங்கிலியின் ஞாபகம் என்பார்கள் சிலர், வெறும் கதை என்பார்கள் சிலர். எது உண்மையென்று உமக்கும் தெரியாது. "காலைப் பாரும். வைக்கேக்கை பொறும். இழுபடேக்கை அடியும்," என்றீர்.

அதோடு சித்திரையில் போய்விட்டீர். பாடத்தை அரைவாசியில் விட்டுவிட்டுப் போவது என்ன பழக்கம்? உமது மனைவி மேளத்தைப் பையில் போட்டு என் வாசலுக்குக் கொண்டுவந்தார். ஆறுமாத நினைவுநாளுக்கு நான்தான் அடிக்கவேண்டுமென்று நீரே சொல்லிவிட்டுப் போனீராம். மறுக்கப் பார்த்தேன். என்னிடம் இருந்த பிரெஞ்சில் மறுப்பதற்குச் சொல் இருக்கவில்லை.

போன ஞாயிறு அதே நிலவறை. உமது மனைவி அகலப் பாவாடையோடு, கையில் மெழுகுதிரியோடு ஆட முன்னுக்கு வந்தார். மேளத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அடித்தேன், பழையபடி பஜனை அடி. அவருடைய கால் தடக்கி நின்றது. குழல்காரர் திரும்பிப் பார்த்தார். உமது நாளைக் கெடுத்துவிட்டேனே என்று கையை எடுத்தேன்.

பிறகு அந்தக் காலை மட்டும் பார்த்தேன். வைத்தது, பொறுத்தேன். இழுபட்டது, அடித்தேன். மறுபடி பொறுத்தேன். பாவாடை சுழன்றது, ஆடுகிறவர்களின் வட்டம் நகர்ந்தது. அதற்குப் பிறகு குழல்காரர் என் பக்கம் பார்க்கவேயில்லை. எனக்கு அது போதும்.

நேற்றுப் பின்னேரம் கோயிலில் பஜனை. எல்லாரும் தட்டினார்கள். என் கை மட்டும் அவர்கள் தட்டி முடித்த பிறகு தட்டியது. பக்கத்திலிருந்தவர் எழும்பி வேறிடம் போய் இருந்தார். காரில் மனைவி கேட்டாள்: "என்னப்பா, ஊரோடை ஒத்துத் தட்டத் தெரியாதே?"

தெரிந்துதான் இருந்தது, உம்மைச் சந்திக்கும்வரை. அடுத்த வெள்ளியும் போவேன். அவர்கள் தட்டட்டும். நான் பொறுத்துத் தட்டுகிறேன்.