கூட்ட மறந்த எண்

கொழும்பு,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். இந்த மழைக்கு உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

இதைப் படித்துப் பதற வேண்டாம். மருந்துச் சீட்டு அச்சடிக்கும் எங்கள் புரோகிராம், சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசை ஒன்று என்பதை இரண்டு என்று அடித்தது. நான் திருத்தினேன். முன்பு சீடியோடு ஒவ்வொரு கிளினிக்குக்கும் போய் மாற்றுவோம். இந்த மாதம் முதல் எல்லாத் திருத்தங்களையும் ஒரே பொதியாக இங்கிருந்தே அனுப்புகிறோம். பொதியின் எண் பழையதைவிடக் கூடியிருந்தால்தான் அங்குள்ள கம்ப்யூட்டர் அதை ஏற்கும். நான் எண்ணைக் கூட்ட மறந்துவிட்டேன். சரியாகிவிட்டது என்று மூன்று நாள் நம்பியிருந்தோம்.

நேற்று ஒரு நர்ஸ் போனில், "ஏம்மா, இன்னும் ரெண்டுன்னுதானே வருது?" என்று கேட்டார். உடனே எண்ணைக் கூட்டி அனுப்பினேன். கம்ப்யூட்டர்கள் சரியாகிவிட்டன. ஆனால் கொடுத்த சீட்டுகள் ஆட்களின் கையில் இருக்கின்றன. அம்மா கிளினிக்குக்குப் போனது புதன்கிழமை. கிளினிக்கில் வீட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், வந்தார்களோ தெரியவில்லை. நீங்கள் வந்து பேசும் கடைப் போனும் மழையில் வேலை செய்யவில்லை.

அதனால் இன்று ஊருக்கு வரும் பக்கத்து லய வீட்டுச் சுதாகரன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா ஒரு குளிசைதான் போட வேண்டும். வியர்த்தால், தலை சுற்றினால், சீனித் தண்ணீர் கொடுத்து உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிறகு ஹட்டனிலிருந்து எனக்கு ஒரு போன் கோல் எடுங்கள், அம்மாவும் பேச வேண்டும்.

பஸ் புறப்படப் போகிறது. "டொக்டர் எழுதுனதுதானே, சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா சொன்னால், அந்த இரண்டை அடித்தது டொக்டர் இல்லை, உங்கள் மகள் என்று சொல்லுங்கள்.

சுலக்ஷனா