'காலி' என்ற குரல் வருமுன்

பிப்ரவரி 4, செவ்வாய்

யோலி ப்ரூயிட் இன்று எங்கள் பள்ளி மேடையில் நின்றாள். நிஜமாக! என் போனுக்குள் இருந்தவள்! பெரிய பெரிய கச்சேரிகளுக்கு விளக்கு அமைக்கிறவள். எனக்கு விளக்கு பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் வீடியோக்களில் பார்த்ததுதான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. சிலதை மனப்பாடமாகவே சொல்வேன்.

அவள் வேலை செய்யும் க்ளீவ்லேண்ட் கம்பெனி எங்கள் மேடைக் குழுவைத் தத்தெடுத்திருக்கிறது. எட்டுப் புது விளக்குகள், செவ்வாய்தோறும் யோலி. கோடையில் எங்களில் ஒரே ஒருவருக்குக் கம்பெனியிலேயே பயிற்சி. அது நான்தான். நானாத்தான் இருக்கணும்.

"மிஸ் ப்ரூயிட்" என்று கூப்பிட்டேன். "மிஸ்ஸுன்னா ஏணியில இருந்து இறங்கவே மாட்டேன். யோலின்னு சொல்லு" என்றாள்.

பிப்ரவரி 11

எடைப் பாடம். மேடைக்கு மேலே நீளமான இரும்புக் குழாய், அதில் விளக்குகள். அந்தப் பாரத்துக்குச் சமமாகப் பக்கச் சுவரோரம், கயிற்றின் மறுமுனையில் எடைக்கட்டிகள். குழாயைக் கீழே இறக்கி விளக்குகளைக் கழற்றும்போது கட்டிகள் உயரே போய் நிற்கும்; முதலில் சுவரோர மேல்தட்டில் நிற்பவர் கட்டிகளை எடுத்துவிட்டு "காலி!" என்று கத்த வேண்டும். அதற்கு அப்புறம்தான் விளக்கில் கை வைக்கலாம். மாற்றிச் செய்தால் கட்டிகள் கீழே பாயும், குழாய் மேலே பறக்கும்.

யோலி வாயைத் திறக்குமுன் நானே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். "இவள ஆஃப் பண்ற சுவிட்ச் எங்கடா இருக்கு?" என்றான் எங்கள் குழுவில் இருக்கும் டெவின்.

யோலி சிரித்தாள். என்னைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "எல்லாம் சரிதான் சோப்சாக். ஆனா வீடியோல கனம் தெரியாது."

மார்ச் 4

"விளக்கைப் பார்க்கத் தெரிஞ்ச கண்ணு உனக்கு இருக்கு, சோப்சாக்." அவளே சொன்னாள்! இன்றைக்கு இது போதும்.

மார்ச் 22, சனி

நடந்ததை அப்படியே எழுதிடறேன்.

மதியக் காட்சியோடு எங்கள் பள்ளி நாடகம் முடிந்தது. கடைசிக் காட்சி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மேடையைப் பிரிப்பது வழக்கம்; அதைப் பார்த்துக்கொள்ள யோலியும் வந்திருந்தாள். பிரித்த பிறகுதான் பீட்சா. நான் போனை ஓரமாக நிற்க வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வேகமாகப் பிரிக்கிறேன் என்று யோலிக்கு அப்புறம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மேல்தட்டில் இன்னும் யாருமே ஏறவில்லை. ஏறுவதற்குள் ஒன்றிரண்டு கழற்றினால் என்ன என்று நினைத்தேன். நாலு கழற்றிட்டேன்.

குழாய் என் கையை விட்டுப் போச்சு. சுவரோரம் டெவின் குனிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தான், அவன் தலைக்கு நேர் மேலே கட்டிகள். ஓடுற கயிற்றைப் பிடிக்காதீங்கன்னு எங்களுக்குச் சொன்ன யோலியே ஓடி வந்து பிடிச்சா, கட்டிகளோட வேகம் குறைஞ்சுது. டெவின் உருண்டு தப்பிச்சான்.

யோலியின் ரெண்டு உள்ளங்கையும் உரிஞ்சுபோச்சு. வலது மணிக்கட்டு முறிஞ்சிருக்கு.

நான்தான். நான்தான்.

மார்ச் 25

எங்கள் நாடக வகுப்பு ஆசிரியர் ஹெண்டர்ஷாட் கம்பெனிக்குப் போன விபத்து அறிக்கையைப் படித்துக் காட்டினார். யோலி எழுதியது: 'விளக்குகளைக் கழற்றச் சொன்னது நான். கட்டிகளை எடுத்தாயிற்று என்று தவறாக நினைத்துவிட்டேன்.'

அவள் சொல்லவே இல்லையே! நான் வாயைத் திறக்கவில்லை. டெவின் என்னையே பார்த்தான்.

இந்த வருடம் பள்ளிகள் பக்கம் அவளை அனுப்ப மாட்டார்களாம். வேலை போகவில்லை. ஆனால் செய்தி எப்படியோ வெளியே வந்துவிட்டது. அவள் வீடியோக்களுக்குக் கீழே: "அடிப்படையே தெரியல, இவ பாடம் எடுக்கறாளாம்!" நானூறு பேர் சிரிச்சிருக்காங்க.

மார்ச் 27

போன் செய்தேன்.

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"உனக்குப் பதினாறு வயசு. அங்க பெரியவ நான்தான். விடு."

"எங்கிட்ட வீடியோ இருக்கு. முழுசா இருக்கு."

அவள் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அழிச்சிடு, சோப்சாக்."

"என்னைக் காப்பாத்தத்தானே சொல்றீங்க?"

"அழிச்சிடு. ப்ளீஸ்."

மார்ச் 31

அழிக்கலை. நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். என் கை, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது, யோலி மேல் பழி போடாதீர்கள் என்று கீழே எழுதினேன்.

ஒன்பது நாளில் இன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

ஏப்ரல் 3

கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி மிஸஸ் லிண்ட்க்விஸ்ட் பள்ளிக்கே வந்தார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பில் என் வீடியோ. அவர் விரல் என்னைக் காட்டவில்லை. வலது மூலையைக் காட்டியது.

"இது யாரு?"

யோலி. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாட்டுக் குழுவின் இரண்டு பெண்களோடு, போனை உயரப் பிடித்து சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படம் எடுத்துக்கொள்கிறாள். ஐம்பது வினாடி.

நாற்பது தடவை பார்த்தேனே. என்னையேதான் பார்த்திருக்கேன்.

"ஒரு தப்பான உத்தரவுன்னா மன்னிக்கலாம். பிரிக்கும்போது பிள்ளைங்க மேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அறிக்கையில வேற பொய் எழுதியிருக்காங்க" என்றார் அவர்.

தனக்காகவும்தான் அழிக்கச் சொல்லியிருக்கிறாள். எங்க ரெண்டு பேருக்காகவும். அது எனக்கு ஏன் புரியல? அவ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டின நான், இந்த ஒண்ணை மட்டும் ஏன் கேக்கல?

ஏப்ரல் 8

யோலியை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 9

பன்னிரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீடியோவும் போய்விட்டன.

ஏப்ரல் 29

கம்பெனியிலிருந்து கடிதம். அடுத்த வருடமும் எங்கள் குழுவைத் தாங்குவார்கள், வேறு ஒருவர் வருவார். கோடைப் பயிற்சி இடம் எனக்கு. 'தன் தவறைத் தானே முன்வந்து சொல்லும் நேர்மைக்காக.'

அம்மா கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். நான் எடுத்துவிட்டேன். மறுபடி ஒட்டினாள்.

"எனக்கு வேணாம்டா, நீ போ" என்று டெவினிடம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் அவங்க கொடுக்கல. நீ போகலைன்னா அவளுக்குக் கை கூடிடுமா?"

கோபமாகச் சொன்னானா என்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

கம்பெனியில் முதல் நாள். பெரிய கிடங்கு, குளிர். காலையெல்லாம் கேபிள் சுருட்டினேன். ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று உள்பக்கமாக, முறுக்கு விழாமல், யோலி காட்டிக்கொடுத்தபடி. கிடங்கு மேற்பார்வையாளர் கஸ் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"பலே! புதுசா வர்ற யாரும் இப்படிச் சுத்த மாட்டாங்க. யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் யோலியோடு வேலை பார்த்தவர்கள்.

"ஸ்கூல்ல" என்றேன்.

"ஸ்கூல்ல யாரு?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கேபிளை எடுத்தேன்.