நாலாயிரத்தில் நின்ற முள்

என் மச்சானுக்கு,

சலாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கை வருகிறது. இதுவரை உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. கல்யாணமான பிறகு கடிதம் எழுதுகிற தூரத்துக்கு நீங்கள் என்றைக்குப் போனீர்கள்? மாமன் மகளைக் கட்டிக்கொண்டு, பிறந்த தெருவிலேயே குடியிருந்து, ஆரப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் போட்ட மனிதருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்களைப் பற்றிய பொய்யை ஊர் நடுவில் வைத்துச் சொன்னார்கள். பதிலை மட்டும் நான் ஏன் தலையணையிடம் சொல்ல வேண்டும்?

உங்களைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடக்கமான ஆள் இல்லை. பாலிடெக்னிக் படித்து, கோயம்புத்தூரில் வேலை பழகி வந்த நாளிலிருந்து, "கம்ப்யூட்டர் வச்ச வண்டியா, மதுரையில என்கிட்டதான் வரணும்" என்று டீக்கடைக்கே கேட்கும்படி பேசுவீர்கள். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, டி.வி.யில் அம்பயரோடு சண்டை. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்றால், "நியாயத்தை மெதுவாச் சொன்னா எவனுக்கும் காது கேக்காது புள்ள" என்பீர்கள். அந்தச் சத்தம் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? வேண்டாம், அதை எழுத இது இடமில்லை.

அந்த மஞ்சள் கார் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தல்லாகுளத்தில் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. அன்று லீவு போட்டிருந்ததால் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரண்டே சீட். வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஸ்போர்ட்ஸ் கார். பெரிய கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர் தன் மகனுக்காக வாங்கியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும் என்பதால் மண்டப வாசலில் நின்றபடியேதான் அது பாதி நாளைக் கழித்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

மகன் சொன்ன குறை இதுதான். "பாய், எல்லாரும் ரேஸ் குடு, ரேஸ் குடுன்னு கேக்குறாங்க. நிக்கிறப்ப ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் நாலாயிரத்துக்கு மேல ஏற மாட்டேங்குது. திக்குவாய் மாதிரி டட்டட்டன்னு அடிச்சுக்கிட்டு நிக்குது. பசங்க சிரிக்கிறாங்க."

நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, அந்தப் பையனையே சீட்டில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னீர்கள். நான் டிபன் கேரியரோடு ஜன்னல் பக்கம் நின்றேன். எஞ்சின் எத்தனை ஆயிரம் சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் வட்டத்தில் முள் சரசரவென்று ஏறி, நாலில் முட்டி நின்றது. எஞ்சினுக்கு ஆபத்து என்று காட்டும் சிவப்புக் கோடு அதற்கு வெகு தூரம் தள்ளி, ஏழாயிரத்தைத் தாண்டித்தான் ஆரம்பித்தது.

"இது ரிப்பேர் இல்ல தம்பி," என்றீர்கள். "வண்டிக்குள்ள இருக்க கம்ப்யூட்டரே புடிச்சு நிறுத்துது. ஓடுற வண்டிக்கு இழுக்க பாரம் இருக்கு, எதிர்க்காத்து இருக்கு. நிக்கிற வண்டிக்கு ரெண்டும் கெடையாது. சும்மா நின்னுக்கிட்டு எஞ்சினை அலறவிட்டா அதுக்குத்தான் கேடு. அதான் சக்கரம் சுத்தலைன்னா நாலாயிரத்தோட பெட்ரோலை வெட்டிரும்."

"அதை எடுத்துவிட்ருங்க பாய்."

"எடுக்க மாட்டேன். சத்தத்துக்காக எஞ்சினைக் கொல்ற வேலை என்கிட்ட இல்ல. வண்டியை எடுத்துட்டுப் போ."

செல்வராஜ் சாட்சி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், உங்களோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்தவர். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காரை எடுத்துப்போன அந்தப் பையனைப் பார்த்து அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் அந்தக் கார் ரிங் ரோட்டில் உடைந்து நின்றது. லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றியதால் வால்வெல்லாம் வளைந்துவிட்டது என்று அங்கே சொன்னார்களாம். அப்பா முறைத்ததும் மகன் என்ன சொன்னான்? "காதர் பாய்தான் ஒர்க்‌ஷாப்புல நிறுத்தி வச்சு முழு ரேஸ் குடுத்தாரு. அன்னைக்கே உள்ள அடிபட்ருச்சு." அப்பா நம்பிவிட்டார். மகனை நம்பியது குற்றமில்லை. நம்பியதை மண்டபத்துக்கு வந்த ஒவ்வொரு கார்க்காரரிடமும் சொன்னாரே, அதுதான் குற்றம்.

நீங்கள் நேராகப் போய் நின்றீர்கள். மண்டப வாசலிலேயே கத்தினீர்கள் என்று செல்வராஜ் சொன்னார். "நின்ன வண்டியில அம்புட்டுச் சுத்து ஏறாதுய்யா! ஓடுறப்பத்தான் ஏறியிருக்கு. வேகமாப் போறப்ப மூணாவது கியர்லருந்து நாலுக்குப் போடுறேன்னு உங்க மகன் ரெண்டுல போட்டிருக்கான். கம்ப்யூட்டர் பெட்ரோலைத்தான் வெட்டும். சக்கரமே எஞ்சினைப் புடிச்சுச் சுத்துனா அது என்ன செய்யும்?" யாரும் காதில் வாங்கவில்லை. வாட்ச்மேன் உங்கள் தோளில் கை வைத்தான். அந்த மாதமே பெரிய கார்கள் வருவது நின்றது.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். உங்களுக்கு மட்டும் ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போய், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "பாவம், மானம் போச்சு, மனுசனும் போயிட்டாரு." என் காதுபடவே சொன்னார்கள். மச்சான், எனக்கு அழுகை நின்றதே அந்தப் பேச்சில்தான். கடைசியாக நினைவோடு இருந்த சாயங்காலம் நீங்கள் என்னிடம் பேசியது ஒரு ஸ்கூல் வேனின் வயரிங்கைப் பற்றி. "செல்வராஜ்கிட்ட சொல்லு, ஃபியூஸை மாத்துனா போதும்னு நெனச்சுறப்போறான். எலி கடிச்சிருக்கான்னு பாக்கச் சொல்லு" என்றீர்கள். அவமானத்தில் சாகிறவன் பேச்சா அது? நீங்கள் காய்ச்சலில் இறந்தீர்கள். அவமானத்தில் இல்லை. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களை நான் முழு மனதோடு இருந்தேன். உங்களுக்காகத் தொழுதேன், ஓதினேன். ஆனால் வெளியே பொய் நடமாடிக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்திருந்த நெஞ்சு கொதித்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஒருநாள் செல்வராஜ் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"மதினி, கடையை மூடிரலாமா? ஆளே வர மாட்டேங்குறாங்க."

"மூடினா அந்த ஆள் சொன்னது நெசமாயிரும். தொறந்து வைங்க. யாரும் வரலைன்னாலும் தூத்துப் பெருக்கிட்டு உக்காருங்க."

"மஞ்சக் காரு வந்திருச்சு மதினி. எஞ்சினைச் சரிபண்ணி, பழையபடி மண்டப வாசல்ல நிக்குது."

அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு வந்த தூக்கம்.

இத்தா முடிந்ததும் எங்கள் வக்கீலையும் கேட்டேன். "மானநஷ்டக் கேஸ் போடலாம்மா. ஆனா தீர்ப்பு வர்றப்ப இப்ப ஸ்கூலுக்குப் போற உன் மகளுக்கே கல்யாணம் முடிஞ்சிருக்கும்" என்றார். அவரிடமே அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு, செல்வராஜை வரச்சொல்லி மண்டபத்துக்குப் போனேன். முகூர்த்த நாள். யார் வீட்டுக் கல்யாணத்தையும் கெடுக்கக் கூடாதென்று, பந்தி முடிந்து எல்லோரும் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. மண்டபத்துக்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகனும் பக்கத்தில்தான் இருந்தான்.

"நான் காதர் மைதீன் வீட்டம்மா," என்றேன். "என் புருசன் நிறுத்தி வச்சு ரேஸ் குடுத்து இந்த எஞ்சினை ஒடச்சதா சொல்றீங்களாம். இப்ப நான் இதே எடத்துல, நின்ன வண்டியில, முழுசா மிதிக்கிறேன். ஒடஞ்சா ஒர்க்‌ஷாப்பை உங்க பேருக்கு எழுதித் தாரேன். சாவியைக் குடுங்க."

"என்னம்மா, வெளையாடுறியா?" என்றார் அவர். ஆனால் கூட்டம் கூடிவிட்டது. மேளக்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்த்தார்.

நான் மகன் பக்கம் திரும்பினேன். "தம்பி, எங்ககிட்ட எதுக்கு வண்டியைக் கொண்டாந்தீங்க?"

 செல்வராஜ்தான் எடுத்துக் கொடுத்தார். "நிக்கிறப்ப ரேஸ் ஏறலைன்னுதானே தம்பி? காதர் அண்ணே அந்தத் தடுப்பை எடுத்துவிட்டாரா?"

"இல்ல."

"வீட்டுக்குப் போயும் மிதிச்சுப் பாத்திருப்பீங்களே. எம்புட்டு ஏறுச்சு?"

"அதே நாலாயிரந்தான்," என்று முனகினான். பிறகு அப்பாவைப் பார்த்து, "சாவி குடுக்காதீங்கப்பா. வேணாம்ப்பா" என்றான்.

மண்டபத்துக்காரர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். வண்டி உடைந்துவிடும் என்று பயந்த குரலா அது? உடையாது என்று தெரிந்தவனின் குரல். பெற்றவருக்குப் புரியாமல் இருக்குமா? "சாவியக் குடுடா" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த சீட்டில் உட்காருவது அண்டாவுக்குள் இறங்குவது மாதிரி இருந்தது. புர்கா கதவில் மாட்டிக்கொண்டது. செல்வராஜ் ஜன்னலில் குனிந்து, "ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, நியூட்ரல்ல இருக்கு. மிதிங்க மதினி" என்றார். பிஸ்மி சொல்லி மிதித்தேன். தரை வரைக்கும் மிதித்தேன்.

சத்தம் என் முதுகெலும்பில் ஏறியது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. முள் ஏறி, நாலில் முட்டி நின்றது. டட்டட்டட்டென்று எஞ்சின் அடித்துக்கொண்டதே தவிர, முள் அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நான் காலை எடுக்கவில்லை. "போதும்மா, போதும்" என்று யாரோ கத்தினார்கள்.

"அவரை வந்து பாக்கச் சொல்லுங்க! கிட்ட வந்து பாக்கட்டும்!" என்று நானும் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

மண்டபத்துக்காரர் எழுந்து வந்தார். பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்த முள்ளையே பார்த்தார். பார்த்து முடிக்கும் வரை மிதித்தபடியே இருந்துவிட்டுத்தான் காலை எடுத்தேன். எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் மெல்ல உறுமிக்கொண்டு நின்றது.

 அவர் மகனிடம்தான் கேட்டார். "எங்கடா ரெண்டாவதுல போட்ட?"

"பாலம் எறங்குறப்பப்பா," என்றான் அவன். அழுதுவிட்டான்.

"சொன்ன எடத்துலயெல்லாம் மாத்திச் சொல்லணும், முதலாளி," என்றேன். "சொல்றேம்மா, போயிட்டு வாங்க" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. நானும் காத்து நிற்கவில்லை.

அவர் மாற்றிச் சொன்னாரா? இரண்டொருவரிடம் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் கேட்டால், "அது முடிஞ்சுபோன கதை, விடுங்க" என்கிறாராம். எனக்கு முடியவில்லை. அதனால்தான் இப்போது இதை எழுதுகிறேன். ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? புர்கா போட்ட ஒரு அம்மா அந்த மஞ்சள் காரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே பறக்கவிட்டாராம். கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அந்தக் கதையைக் கேட்டே சிலர் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். செல்வராஜ் தூத்துப் பெருக்கிவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை, அவருக்கு இப்போது டீ குடிக்கவே நேரமில்லை. அந்த ஸ்கூல் வேனில் எலிதான் கடித்திருந்தது.

மஞ்சள் காரை விற்றுவிட்டார்கள். அந்தப் பையன் ஒருநாள் தனியாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனானாம். உள்ளே வரச்சொல்லி இருக்கலாமே என்று செல்வராஜிடம் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? திட்டியிருப்பீர்களா, டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்களா? இரண்டையும்தான் செய்திருப்பீர்கள்.

இப்போதும் கடைத்தெருவில் யாராவது என்னை நிறுத்தி, "காதர் பாய் பாவம்மா, சாது" என்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் விடுவதில்லை. "சாதுவா? அவரா? நெறஞ்ச சண்டைக்காரரு. தன் பக்கம் நியாயம் இருந்தா மண்டப வாசல்லயே கத்துவாரு" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.

மச்சான், ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஊரில் உங்களை யாரும் பாவப்பட்டவராக நினைத்துக்கொண்டிருக்க விடமாட்டேன். சத்தம் போட்டுச் சொல்வேன். எனக்கும் இப்போது சத்தம் வருகிறது.

உங்கள் மாமன் மகள், உங்கள் வீட்டுக்காரி,
ஹமீதா