முதல் வகுப்புக்கு முன் ஒரு முட்டை

ஜூன் 3, செவ்வாய்

ஓட்டுநர் பயிற்சிக் காரில், சொல்லிக்கொடுக்கும் என் பக்கம் ஸ்டியரிங் கிடையாது, ஒரு பிரேக் மட்டும் உண்டு. இன்றோடு வயிறு அந்த பிரேக்குக்கும் எனக்கும் நடுவில் வந்துவிட்டது. இருக்கையைப் பின்னால் தள்ளினால் பிரேக் எட்டவில்லை. முன்னால் இழுத்தால் மூச்சு எட்டவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். போன வாரம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்களே, அதன் முடிவு. "கர்ப்பத்துல வர்ற சர்க்கரைதான், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. பயப்படாதீங்க என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே தொடங்கும். வாயும் வயிறுமாக இருப்பவளிடம், வயிறு இருக்கட்டும், வாயை மட்டும் மூடிக்கொள் என்கிறார்கள்.

வீட்டில் இவர் நம்பவே இல்லை. "நீ ஸ்வீட்டே தொட மாட்டியே!" காரின் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பற்றி இவருக்குத் தெரியாது. வண்டியின் ஆர்.சி. புத்தகமே அவற்றுக்கு அடியில்தான் கிடக்கிறது.

ஜூன் 5, வியாழன்

உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவைப் பார்த்தோம். காலைச் சாப்பாடுதான் எதிரியாம். மத்தியானம் ஒத்துக்கொள்கிற அதே உணவு காலையில் ஒத்துக்கொள்ளாதாம்.

ஓட்ஸ் சாப்பிடலாமா? "கொஞ்சமா. முட்டையோட." பிரெட்? "ஒரு துண்டு. முட்டையோட." பழம்? "அதை மத்தியானத்துக்கு வச்சுக்குங்க. காலையில முட்டை."

முட்டையம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்சுலின் ஊசி. சரியாகக் கவனிக்காவிட்டால் கஷ்டம் குழந்தைக்குத்தான் என்றார். அவர் அரை மணி நேரம் பேசினார். எனக்குக் காதில் விழுந்தது ஊசி, குழந்தை, இரண்டே வார்த்தைகள்.

ஜூன் 7, சனி

பாலில் வேகவைத்த ஓட்ஸ், மேலே நன்றாகக் கனிந்த வாழைப்பழம். முட்டை மறந்துவிட்டது. 178.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டவர் யாரோ, அவர் விரலைக் குத்திப் பார்க்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு மணி நேரக் கணக்கு சரியாக முதல் வகுப்பின் நடுவில் வந்து நிற்கிறது. முதல் வகுப்பு கிளட்ச் சாருக்கு. சலூன் வைத்திருப்பவர். ஐம்பது வயதில் கார் ஓட்ட ஆசை. கிளட்சிலிருந்து காலை எடுக்கச் சொன்னால் சொத்தைக் கேட்டதுபோல் பார்ப்பார்.

ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு விரலைக் குத்தினேன்.

"மேடம், ரத்தம்!"

"சர்க்கரை பாக்குறேன் சார். நீங்க ரோட்டைப் பாருங்க."

"எனக்கு ரத்தம்னாலே ஆகாது மேடம்."

"நாள் பூரா கத்தி பிடிக்கிற கை சார் உங்களுது!"

"அதனாலதான் மேடம் ஆகாது."

152. யாருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

கீரை போட்ட ஆம்லெட், மொறுமொறுவென்று சுட்ட ஒரு துண்டு பிரெட், ஒரு பிடி வேகவைத்த வேர்க்கடலை, சர்க்கரை இல்லாத டீ. 131!

சமைத்தது இவர். வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர் என்பதால் ஆம்லெட்டையும் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துத்தான் இறக்குகிறார். நாளைக்குக் கொண்டைக்கடலையோடு வெள்ளரிக்காய், கூடவே கெட்டித் தயிர் என்று மிரட்டியிருக்கிறார். எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் மார்க் மாதிரி அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பிட்ட பிறகு எல்லாம் ஒழுங்கு. எழுந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன்னாலேயே 104. நேற்று 101. சாப்பிடாமலே ஏறினால் நான் யாரைத் திட்டுவது? ஒரு வாரம் பார்ப்போம், இறங்காவிட்டால் ஊசி என்றார் டாக்டரம்மா.

ஊசி என்றால் நான் தோற்றுவிட்டேன் என்றுதானே அர்த்தம்? பிள்ளை வெளியே வரும் முன்பே தாயாகப் பெயிலா?

ஜூலை 1, செவ்வாய்

ஒரு யோசனை. இவர் டப்பாவில் கட்டிக்கொடுத்த காலைச் சாப்பாட்டை அலுவலக வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டிலும் பாதியை ஒதுக்கியிருந்ததில் எழுந்தவுடனே 94. ஒரு மணி நேரம் கழித்து 88!

இவ்வளவு சுலபமான வைத்தியம் இந்த டாக்டர்களுக்கு ஏன் தோன்றவில்லை? நான் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவள்.

ஜூலை 4, வெள்ளி

என் கார் வந்தால் நாய் எழுந்து நிற்கிறது. முட்டையம்மா சொல்வதை அப்படியே கேட்கும் ஒரே சீடன்.

ஜூலை 7, திங்கள்

நடந்ததை எழுத வேண்டும்.

இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம், கிளட்ச் சார் ஓட்ட. முன்னால் தண்ணீர் லாரி சட்டென்று நின்றது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால் பிரேக்குக்குப் போகவில்லை. போ என்றால் போகவில்லை — என் காலே இல்லை அது.

அவர் நிறுத்திவிட்டார். லாரிக்குப் பின்னால் ஒரு முழம் இடைவெளி.

"நீங்க பிரேக் போடாம விட்டு டெஸ்ட் பண்ணீங்கல்ல மேடம்? சரியா நிறுத்துனேனா?" முகமெல்லாம் சிரிப்பு.

நான் அழ ஆரம்பித்ததும்தான் மனிதர் பயந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு வாரமாக இல்லை என்றேன். இதை முதல்முதலாகச் சொன்னது என் புருஷனிடம் இல்லை, கிளட்ச் சாரிடம். அவர் பக்கத்துக் கடையில் இரண்டு அவித்த முட்டை வாங்கிவந்து, நான் தின்று முடிக்கும்வரை வெளியே நின்றார்.

என்ன காரியம்டி பண்ணிட்ட? உனக்குள்ள ஒரு உசுரு இருக்கு. காருக்குள்ள ஒருத்தர் இருக்காரு. எண்ணு நல்லா வரணும்னு வயித்துப் புள்ளயப் பட்டினி போட்டியா? மார்க்கு வாங்கி என்னத்தக் கிழிக்கப் போற?

ஜூலை 8, செவ்வாய்

சிறுநீர் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. "பட்டினி கிடந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன்.

"நல்லா சாப்பிட்டு வந்த நூத்தம்பதை வச்சு நான் வைத்தியம் பார்ப்பேன். பட்டினி கிடந்து வந்த எண்பத்தெட்டை வச்சு என்ன பண்றது? விடியக்காலையில ஏறுறது நஞ்சுக்கொடியில சுரக்கிற ஹார்மோனால. உங்க தப்பு இல்ல, உங்க ஆம்லெட் தப்பும் இல்ல."

இன்று முதல் படுக்கப் போகும்போது ஊசி. எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. இதற்கா இவ்வளவு ஆட்டம்? பெயிலாகி நிற்கும் மாணவர்களிடம், "அதனாலென்ன, அடுத்த வாரம் வாங்க" என்று நாளெல்லாம் சொல்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

இவரிடம் நாய் விஷயத்தைச் சொன்னேன். காலி டப்பாவை எடுத்துக் கழுவினார். பிறகு, "மிளகு சரியா இருந்துச்சா?" என்றார்.

"நாய் ஒண்ணும் சொல்லல."

சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தலையில் கைவைத்தார். "இனிமே என் முன்னாடி உக்காந்து சாப்பிடு" என்றார்.

ஜூலை 12, சனி

பிரசவம் முடியும்வரை காரில் ஏறக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். சரிதான், நானே சொல்லியிருக்க வேண்டும். இனி அறையில் உட்கார்ந்து சாலை விதிகள் பாடம். காலையில் 92.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தயிர், கொண்டைக்கடலை, முட்டை. எண்கள் ஒழுங்கு. குழந்தையின் எடையும் ஒழுங்கு என்றது ஸ்கேன். எழுத வேறு ஒன்றும் இல்லை, நிம்மதி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடியும்போது பிறந்தாள். பெண். அழுகை லாரி ஹாரன்.

அவளைப் பார்த்து முடிப்பதற்குள் நர்ஸ் வந்து அந்தக் குட்டிக் குதிகாலைக் குத்தினார். சர்க்கரை இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் இறங்கிவிடுமாம், பார்த்தே ஆக வேண்டுமாம். என் விரலில் எத்தனையோ குத்து வாங்கினேன், ஒன்றுக்கும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டதில்லை.

"கொஞ்சம் கம்மியா இருக்கு. இப்பவே பால் குடுங்க."

38. கம்மி. இரண்டரை மாதமாக இறங்கு இறங்கு என்று ஓர் எண்ணைக் கெஞ்சியவள், ஏறு தாயே ஏறு என்று உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு பிடித்துக்கொண்டாள், கிளட்சில் கால் வைத்த கிளட்ச் சார் மாதிரி விடவே இல்லை.

மறுபடி குத்தினார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"56" என்றார் நர்ஸ். "நல்லா ஏறிடுச்சு."

இவர் ஓடிவந்து மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குள்ள எப்படி ஏறுச்சு? என்ன குடுத்த?"

"காலைச் சாப்பாடு" என்றேன்.