ரோசம்மாவின் கை

குன்னம், 1978
லெந்து நோன்புக் கால ஞாயிறு, ராத்திரி

சோற்றை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்று கோயிலில், ஆண்டவர் தங்களைத் திருத்தியதைச் சாட்சி சொல்லும் நேரத்தில் ஆசீர்வாதம் எழுந்தான். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்ததையெல்லாம் வேட்டைக்குப் போய் வந்தவன் மாதிரி ருசித்துச் சொன்னான். பாவம் எவ்வளவு பெரிசோ, கிருபையும் அவ்வளவு பெரிசாம். அதற்கு அத்தாட்சி வேண்டுமே! பெண்கள் பக்கம் திரும்பி, "ரோசம்மா, எந்திரி. கையக் காட்டு" என்றான்.

என் பக்கத்தில் பாயில் இருந்தவள் எழுந்து, குனிந்த தலையோடு கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே, அவன் கொள்ளிக்கட்டையால் சுட்ட தழும்பு. சபை மொத்தமும் "அல்லேலூயா" என்றது. ஆராதனை நடத்திய உபதேசியாரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூடாமல் எப்படிச் சொல்வார்?

கூட்டம் முடிந்ததும் அவனை வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ரோசம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

சிரித்தான். "ஆண்டவரே மன்னிச்சுட்டாரு டீச்சர். இவகிட்ட வேற கேக்கணுமா?"

கிருபையில் தன்னை வெளுத்துக்கொண்டு, அந்த அழுக்குத் தண்ணியை அவள் தலையில் ஊற்றிவிட்டான். இதற்குப் பேர் மனந்திரும்புதலாம். தூ!

அவன் முன்னால் போய்விட்டான். ரோசம்மா பின்தங்கி நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அடுத்த வாரம் குரும்பலூர் கூட்டத்துலயும் சாட்சி சொல்லப் போறாராம். என்னையும் வரச் சொல்றாரு. நீளக்கை ரவிக்கை போட்டுக்கிட்டுப் போனா பாவமாங்க?"